லப்டொப்புக்கும் போனுக்கும் ஒரே சின்னச் சார்ஜர்: வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவு பஸ் ஏறுபவரின் பையில் லப்டொப் இருந்தால், அதற்கென்று ஒரு கறுப்புக் கட்டிச் சார்ஜரும் தடித்த வயரும் இருக்கும். போனுக்கு இன்னொரு சார்ஜர், சிலவேளை காதுக்கருவிக்கு மூன்றாவது. இப்போது வரும் லப்டொப்புகளில் பெரும்பாலானவை யூ.எஸ்.பி. சி துளை வழியாகவே மின் ஏற்றிக்கொள்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசெம்பர் 28 முதல் போன்களுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் லப்டொப்புகளுக்கும் இந்தத் துளையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே அந்த மூட்டை முழுவதற்கும் பதிலாக உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரே சார்ஜர் போதும்.

ஆனால் எந்தச் சார்ஜர்? 67 வாட் என்று பெட்டியில் பெரிதாக அடித்த ஒன்றை வாங்கிப் போய்க் கொழுவினால் லப்டொப் ஏறவே மாட்டேன் என்கிறது. அதைவிடச் சிறிய எண் கொண்ட 45 வாட் சார்ஜர் அதே லப்டொப்பை ஒழுங்காக ஏற்றிவிடுகிறது. துளை ஒன்றுதான், வயரும் ஒன்றுதான். அப்படியிருந்தும் ஏன் இந்த வித்தியாசம் என்பது விளங்கிவிட்டால் சார்ஜர் தெரிவில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

உங்கள் லப்டொப்போடு வந்த சார்ஜரை எடுத்துப் பின்பக்கம் திருப்புங்கள். பொடி எழுத்தில் வெளியீடு என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் 20 வோல்ட், 3.25 அம்பியர் என்பதுபோல எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 65. அதுதான் வாட். 65 வாட் என்ற விடை பல வழிகளில் வரலாம்: 20 வோல்ட்டை 3.25 அம்பியரால் பெருக்கினாலும் 65, 10 வோல்ட்டை 6.5 அம்பியரால் பெருக்கினாலும் 65. லப்டொப்புக்கு வேண்டியது முதலாவது. சில போன்களின் அதிவேகச் சார்ஜர் தருவது இரண்டாவது. ஒப்போ நிறுவனத்தின் 65 வாட் சூப்பர்வூக் முறை சரியாக இந்த 10 வோல்ட், 6.5 அம்பியர் கணக்கில்தான் இயங்குகிறது. போனுக்கு அது திறம். லப்டொப்பின் கண்ணில் அது வெறும் 5 வோல்ட் சார்ஜராகவே தெரியக்கூடும்.

காரணம், யூ.எஸ்.பி. சி சார்ஜர் சுவரில் குத்தியவுடனே தன் முழுச் சக்தியையும் வயருக்குள் தள்ளுவதில்லை. மறுமுனையில் ஒரு கருவி கொழுவப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறது. இருந்தால் 5 வோல்ட் மட்டும் கொடுக்கிறது. பிறகு வயருக்குள் ஓடும் மெல்லிய தனிக்கம்பி ஒன்றின் வழியாகத் தன்னிடம் உள்ளவற்றைப் பட்டியலாக அனுப்புகிறது: 5 வோல்ட்டில் 3 அம்பியர், 9 வோல்ட்டில் 3 அம்பியர், 15 வோல்ட்டில் 3 அம்பியர், 20 வோல்ட்டில் 3.25 அம்பியர். லப்டொப் அந்தப் பட்டியலைப் பார்த்து ‘எனக்கு 20 வோல்ட் தா’ என்று கேட்கிறது. சார்ஜர் சம்மதித்து, அழுத்தத்தை உயர்த்தி, ‘தயார்’ என்று அறிவித்த பிறகுதான் லப்டொப் இழுக்கத் தொடங்குகிறது. இவ்வளவும் கண் இமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிறது. இந்தப் பேச்சுக்கான பொதுவிதிக்குப் பவர் டெலிவரி என்று பெயர். பெட்டிகளில் பி.டி. என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள்.

போன் கம்பனிகள் சில தமக்கென்று தனி விதி வைத்திருக்கின்றன. அந்தச் சார்ஜர்களில் பல, தம் சொந்தப் போனைக் கண்டால் மட்டுமே வேகத்தைக் காட்டும். பொதுவிதியில் கேட்கும் லப்டொப்புக்கு அவற்றின் பட்டியலில் 20 வோல்ட் இருப்பதில்லை. சில புதிய சார்ஜர்கள் இரண்டு விதிகளையும் அறிந்திருக்கின்றன. அதனால் கம்பனிப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாமல், சார்ஜரின் உடம்பில் உள்ள பொடி எழுத்தைத்தான் வாசிக்க வேண்டும். 20 வோல்ட் என்ற வரி அங்கே இருந்தால் லப்டொப்புக்கு ஆகும். 9 அல்லது 12 வோல்ட்டோடு பட்டியல் நின்றுவிட்டால், வெளியே எந்தப் பெரிய எண் போட்டிருந்தாலும் லப்டொப்புக்காக அதை வாங்க வேண்டாம். ஐபோனுக்கு வரும் 20 வாட் சார்ஜர் 9 வோல்ட்டோடு நின்றுவிடுகிறது. அதில் 20 என்பது வாட், வோல்ட் அல்ல. இந்த இரண்டையும் மாற்றி விளங்கிக்கொள்பவர்கள் கனபேர்.

கடையில் இதை இப்படிக் கேட்கலாம்:

‘அண்ணை, இதில 20 வோல்ட் வருதோ?’

‘தம்பி, இது 67 வாட். லப்டொப்புக்குத் தாராளமாக் காணும்.’

‘வாட் சரி அண்ணை, அந்தப் பின்பக்க எழுத்தை ஒருக்கா வாசிச்சுப் பாப்பமோ?’

பெட்டியைத் திறந்து சார்ஜரைக் காட்டத் தயங்கும் இடத்தில் வாங்காமல் வருவதே நல்லது. எழுத்து மிகச் சிறியது, சாம்பல் நிறத்தில் அடித்திருப்பார்கள். போன் கமராவால் படம் பிடித்துப் பெருப்பித்துப் பாருங்கள்.

இதே பேச்சு விதிதான் இன்னொரு பயத்தையும் தீர்க்கிறது. 100 வாட் சார்ஜரைச் சின்னப் போனுக்குக் கொழுவினால் போன் எரிந்துவிடாதா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். எரியாது. கேட்கிற கருவிதான் அளவைத் தீர்மானிக்கிறது. போன் 9 வோல்ட் கேட்டால் 9 வோல்ட்தான் வரும், ஒன்றுமே கேட்காவிட்டால் 5 வோல்ட். ஒழுங்காகச் செய்யப்பட்ட சார்ஜராக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

சம்சுங் போன் வைத்திருப்பவர்கள் பட்டியலில் இன்னொரு வரியையும் தேட வேண்டும். 3.3 முதல் 11 வோல்ட், அல்லது 3.3 முதல் 21 வோல்ட் என்று ஒரு வீச்சாக எழுதியிருக்கும், பக்கத்தில் பி.பி.எஸ். என்றிருக்கும். அழுத்தத்தைப் படிப்படியாக மிக நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் வசதி அது. சம்சுங்கின் 25 வாட், 45 வாட் வேக ஏற்றம் அதில்லாமல் வேலை செய்யாது. போன் ஏறும், ஆனால் ஆறுதலாக.

எத்தனை வாட் வேண்டும் என்பதற்கு உங்கள் பழைய சார்ஜரிலேயே விடை இருக்கிறது. மக்புக் ஏயர் போன்ற மெல்லிய லப்டொப்புகள் 30 வாட்டிலேயே ஒழுங்காக ஓடும். பல்கலைக்கழகப் பிள்ளைகளும் அலுவலகக்காரரும் வைத்திருக்கும் சாதாரண லப்டொப்புகளுக்கு 45 அல்லது 65. மக்புக் புரோ 16 அங்குலத்துக்கு 140 வாட் சார்ஜர் வருகிறது. அது 28 வோல்ட்டில் 5 அம்பியர், 2021இல் வந்த புதிய விதிப்படி. அந்த விதி 48 வோல்ட் வரை, 240 வாட் வரை இடம் கொடுக்கிறது. கேமிங் லப்டொப்புகளுக்கு 200 வாட்டுக்கு மேல் வேண்டியிருக்கும். பெரும்பாலும் அவற்றுக்கு உருண்டை முனைச் சார்ஜர்தான், இந்தக் கட்டுரை அவற்றுக்குப் பொருந்தாது.

என்னைக் கேட்டால், முதல் சார்ஜர் வாங்குபவர் 65 வாட்டை எடுக்கட்டும். சாதாரண லப்டொப்பின் பற்றரி 50, 60 வாட்மணி அளவில்தான் இருக்கும், அதற்கு 65 தாராளம். 100 வாட் வாங்கினால் பெட்டி பெருக்கும், விலை கூடும், லப்டொப்போ தனக்கு வேண்டியதற்கு மேல் ஒரு வாட்டும் எடுக்காது. குறைந்த வாட்டிலும் வேலை நடக்கும். 65 வாட் கேட்கும் லப்டொப்புக்கு 20 வோல்ட் தரும் 45 வாட் சார்ஜரைக் கொழுவினால் மெதுவாக ஏறும். விண்டோஸ் லப்டொப் மெதுவான சார்ஜர் என்று ஓர் அறிவிப்பைக் காட்டலாம். இரவில் ஏற்றி வைத்துவிட்டுப் படுப்பவருக்கு அது ஒரு குறையே இல்லை. சில லப்டொப்புகள் மட்டும் குறித்த அளவுக்குக் கீழே ஏற்கவே மறுக்கும்.

லப்டொப்பில் சி துளை இருப்பதால் மட்டும் அது மின் ஏற்றும் என்று நம்பிவிட வேண்டாம். விலை குறைந்த சில லப்டொப்புகளில் அந்தத் துளை தரவு அனுப்ப மட்டுமே. கூட வந்த சார்ஜரே சி முனையோடு வந்திருந்தால் சந்தேகமில்லை. உருண்டை முனையோடு வந்திருந்தால், துளைக்குப் பக்கத்தில் பிளக் அல்லது பற்றரிப் படம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், கையேட்டையும் பாருங்கள். மின்னல் கோடு போன்ற அடையாளத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். அது தண்டர்போல்ட் என்ற வேறொரு வசதிக்கான அடையாளமாகவும் இருக்கும்.

முந்திய கட்டிச் சார்ஜர் செங்கல் போலக் கனத்ததும் இப்போதையது இவ்வளவு சிறுத்ததும் எப்படி? சுவர் மின்சாரத்தைக் குறைந்த அழுத்தத்துக்கு இறக்க உள்ளே ஒரு சின்ன மின்மாற்றி இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தி நிறுத்தி, துண்டு துண்டாகத்தான் அதற்குள் அனுப்புகிறார்கள். நம்முடைய துலாக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். பெரிய பட்டையால் ஆறுதலாக இறைத்தாலும் சின்ன வாளியால் கெதி கெதியாக இறைத்தாலும் ஒரு மணித்தியாலத்தில் தோட்டத்துக்குப் போய்ச் சேரும் தண்ணீர் ஒன்றாகவே இருக்கலாம். மின்மாற்றிதான் அந்த வாளி. எவ்வளவு வேகமாக நிறுத்தித் தொடக்க முடிகிறதோ அவ்வளவுக்கு அதைச் சிறிதாக்கலாம்.

வேகத்துக்குத் தடையாக இருந்தது, அப்படி நிறுத்தித் தொடக்கும் சுவிட்சைச் செய்த சிலிக்கன் என்ற பொருள். நிறுத்தித் தொடக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சக்தி வெப்பமாக வீணாகும், வேகம் கூடினால் வெப்பமும் கூடும். பழைய சிலிக்கன் சார்ஜர்கள் செக்கனுக்கு ஒரு இலட்சம் தடவை என்ற அளவில்தான் இயங்கின. காலியம் நைட்ரைட் என்ற பொருளால் செய்த சுவிட்ச் அந்த வீணைக் குறைப்பதால் செக்கனுக்குப் பல இலட்சம் தடவை போகலாம். பெட்டியில் கான் (GaN) என்று போட்டிருப்பது இதைத்தான். நீல எல்.இ.டி. விளக்கைத் தந்ததும் இதே பொருள்தான். அதைக் கண்டுபிடித்த மூன்று ஜப்பானியப் பிறப்பு விஞ்ஞானிகளுக்கு 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த எழுத்து பெட்டியில் இருந்தால் மட்டும் உள்ளே அந்தப் பொருள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஆகவே அந்தப் பெயருக்காக மேலதிகக் காசு கொடுக்க வேண்டாம். 65 வாட் உண்மையாகவே வருகிறதா, பெட்டி கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்பதே கணக்கு.

இரண்டு மூன்று துளை உள்ள சார்ஜர் பயணத்துக்கு மிக உதவி. ஆனால் 65 என்பது எல்லாத் துளைகளுக்கும் சேர்த்துத்தான். லப்டொப் மட்டும் இருக்கும்போது 65 முழுவதும் அதற்கு. போனையும் கொழுவினால் பல சார்ஜர்களில் 45க்கு 20 என்று பிரிந்துவிடும். எந்தத் துளைக்கு எவ்வளவு என்பது பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சின்ன அட்டவணையாக இருக்கும். சிலதில் இரண்டாவது கருவியைக் கொழுவும் கணத்தில் லப்டொப் ஒருமுறை ஏற்றத்தை விட்டு மீண்டும் தொடங்கும். பழுதென்று பயப்பட வேண்டாம், பங்கு மாறியதால் பேச்சு முதலிலிருந்து நடக்கிறது.

கேபிளைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரண சி கேபிள் 3 அம்பியர் வரைதான் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக, கேபிளின் முனைக்குள் ‘நான் 5 அம்பியர் தாங்குவேன்’ என்று சொல்லும் ஒரு சின்னச் சிப் இருக்க வேண்டும். அது இல்லாத கேபிளைக் கண்டால் 100 வாட் சார்ஜரும் 60 வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். 65 வாட் சார்ஜரில் இந்த இழப்பு வெறும் 5 வாட் என்பதால் உணரக்கூட மாட்டீர்கள். 100 வாட் சார்ஜர் வாங்கினால் மட்டும் 100 அல்லது 240 வாட் என்று எழுதிய கேபிளைக் கேட்டு வாங்குங்கள். பிழையாகச் செய்த கேபிள் லப்டொப்பையே அழித்துவிடும் என்பதற்கு உதாரணமும் உண்டு. கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் சந்தைக் கேபிள்களைத் தானே சோதித்துக்கொண்டு வந்தார். 2016இல் உள்ளே கம்பிகள் மாறிப் பொருத்தப்பட்டிருந்த ஒரு கேபிள் அவருடைய குரோம்புக் லப்டொப்பைப் பழுதாக்கியது.

இனி நம்முடைய சுவருக்கு வருவோம். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். புது வீடுகளில் பிரித்தானிய முறைச் சதுரப்பின் 13 அம்பியர் பொயின்ட். பழைய வீடுகளில் உருண்டைப் பின் 5 அம்பியரும் 15 அம்பியரும் இன்னும் இருக்கின்றன. இதற்கிடையில் வெளிநாட்டு உறவுகள் கொண்டுவந்து தரும் சார்ஜர்கள். லண்டன் மாமா கொண்டுவந்தது நேரே நம்முடைய சதுரப் பொயின்ட்டில் ஏறும். கனடாச் சித்தி கொண்டுவந்ததில் இரண்டு தட்டைப் பின், பிரான்சிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும் வந்ததில் இரண்டு மெல்லிய உருண்டைப் பின். கனடாவில் 120 வோல்ட், இங்கே கொழுவினால் வெடிக்கும் என்று நல்ல சார்ஜரை அலுமாரிக்குள் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உள்ளீடு என்ற வரியைப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்றிருந்தால் இங்கே தாராளமாகப் பாவிக்கலாம், பின்னை மாற்றும் அடப்டர் ஒன்றே போதும்.

அந்த அடப்டரையாவது ஒழுங்காக வாங்குங்கள். இரண்டு பின்னைச் சதுரப் பொயின்ட்டில் நுழைக்க, மேலே உள்ள எர்த் துளைக்குள் பேனை முனையையோ டெஸ்டரையோ குத்தி உள்மூடியைத் திறக்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. சின்னப்பிள்ளையின் விரலும் கம்பியும் மின் துளைக்குள் போகாமல் தடுக்கத்தான் அந்த மூடியை வைத்திருக்கிறார்கள். எர்த் பின் முதலில் உள்ளே போனால் மட்டுமே அது திறக்கும். பேனையால் திறந்து நுழைத்த பின் இறுக்கமாகவும் நிற்காது. தளர்ந்த தொடுகையில் பொறி பறக்கும், பொயின்ட் கருகும். கண்ட இடத்தில் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இலங்கையோடும் லண்டனோடும் மட்டும் பயணம் என்றால் சதுரப்பின் சார்ஜர்தான் நல்லது. டுபாய், சிங்கப்பூர், மலேசியாவிலும் அதே பின்தான். பலாலியிலிருந்து விமானத்திலோ காங்கேசன்துறையிலிருந்து கப்பலிலோ தமிழ்நாட்டுக்கு அடிக்கடி போய் வருபவருக்கு உருண்டைப் பின் உதவும். தலைமட்டும் கழற்றி மாற்றும் சார்ஜர்களும் இருக்கின்றன. மடிக்கக்கூடிய தட்டைப்பின் சார்ஜர்தான் எல்லாவற்றிலும் சிறியது, பையிலும் குத்தாது. ஆனால் இங்கே அதற்கு எப்போதும் ஓர் அடப்டர் வேண்டும். அடப்டரின் மேல் சார்ஜர் தொங்கி நிற்க, பழைய பொயின்ட்டுகளில் கழன்று விழும்.

உலோக உடம்பு லப்டொப் ஒன்றைச் சார்ஜரில் போட்டபடி, வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் இருந்து தட்டச்சுச் செய்தால் மணிக்கட்டில் மெல்லிய அதிர்வு தெரியும். விரலை இலேசாக உரசினால் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதுபோல இருக்கும். எர்த் இணைப்பில்லாத சார்ஜர்களில் இது வழமை. மின் இரைச்சலை அடக்குவதற்காக உள்ளே வைத்திருக்கும் கொள்ளளவி என்ற ஒரு சின்ன உறுப்பு வழியாக மிகமிகச் சிறிய மின்னோட்டம் கசிகிறது. மூன்று பின் சார்ஜர்களிலும் பலவற்றின் எர்த் பின் வெறும் பிளாஸ்டிக்தான், மூடியைத் திறக்க மட்டும். நல்ல சார்ஜரில் அந்தக் கசிவு ஆபத்தில்லாத எல்லைக்குள் இருக்கும், செருப்புப் போட்டால் தெரியாமலே போய்விடும். அதிர்வல்ல, சுரீரென்று அடிக்கிறது என்றால் மட்டும் உடனே சுவிட்சை நிறுத்தி அந்தச் சார்ஜரை விட்டுவிடுங்கள்.

மலிவுப் போலிகளில் நான் பயப்படுவது இதற்குத்தான். சுவர்ப்பக்க 230 வோல்ட்டுக்கும் கருவிப்பக்க 20 வோல்ட்டுக்கும் இடையில் சில மில்லிமீற்றர் இடைவெளியும் நல்ல காப்பும் இருக்க வேண்டும். போலி செய்பவர் மிச்சம் பிடிப்பது அந்த இடைவெளியில்தான். அது தோற்றால் 230 வோல்ட் நேரே லப்டொப்பின் உடம்புக்கு வரும், அதைத் தொட்டுக்கொண்டு இருப்பவர் உங்கள் பிள்ளையாக இருக்கலாம். பெயர் தெரியாத 65 வாட்டை விட, உத்தரவாதத்தோடு கிடைக்கும் 45 வாட்டை எடுங்கள்.

சூடு வேறு விடயம். 65 வாட் கொடுக்கும்போது 6, 7 வாட் வெப்பமாகிறது. பெட்டி சிறிது, நம்முடைய ஊரோ வெக்கை. கை பொறுக்கும் அளவுக்குச் சுடுவது முதல் ஒரு மணித்தியாலத்தில் வழமைதான். கையில் பிடித்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால் கழற்றிவிடுங்கள். தலையணைக்குக் கீழோ மெத்தையிலோ மூடிய பைக்குள்ளோ வைத்து ஏற்றக்கூடாது. பிளாஸ்டிக் மணம் வந்தால் அல்லது பின் அடியில் நிறம் மாறினால் பாவனையை நிறுத்திவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் சுவிட்சை நிறுத்துவது மட்டும் காணாது, சார்ஜரைப் பொயின்ட்டிலிருந்து கழற்றுங்கள்.

வாங்கப் போகும்போது லப்டொப்பையும் போனையும் கேபிளையும் கையோடு கொண்டுபோங்கள். பற்றரி பாதியளவில் இருக்கட்டும். நிறைந்திருந்தால் லப்டொப் சக்தியை இழுக்காது, சோதனையில் ஒன்றும் தெரியாது. கடையிலேயே லப்டொப்பைக் கொழுவி, திரையை முழு வெளிச்சத்தில் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். வீதம் ஏறுகிறதா என்று பாருங்கள். மக்புக் என்றால் சிஸ்டம் இன்பர்மேஷனில் பவர் பகுதிக்குப் போனால் சார்ஜர் எத்தனை வாட் என்று அறிவித்திருக்கிறது என்பது எழுத்திலேயே தெரியும். பிறகு போனையும் சேர்த்துக் கொழுவி, லப்டொப் அப்போதும் ஏறுகிறதா என்று பாருங்கள். பிழையில்லை என்றால், பற்றுச்சீட்டில் ‘சார்ஜர்’ என்று மட்டும் எழுத விடாமல், மொடல் இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள்.